தாராவியில் நான் வாசித்துக் காட்டிய டைரி

பிள்ளைகளே, நான் வேன் ஓட்டுகிறவன். சுரண்டைதான் ஊர். பிள்ளைகளுக்கு எழுத்தும் வாசிப்பும் எப்படி வருகிறது, கணக்கு எந்த வயதில் எப்படிப் பிடிபடுகிறது என்று ஆராய்ச்சி செய்கிற ஒரு குழுவுக்கு இரண்டு வருஷமாக வண்டி ஓட்டுகிறேன். வசந்தா மேடம்தான் அதற்குத் தலைவர். ஊர் ஊராகப் போவோம். மேடமும் ஒரு டீச்சரும் பிள்ளைகளிடம் கேள்வி கேட்பார்கள். நான் பெட்டி தூக்குவேன்.

இந்தத் தடவை மும்பை. அங்கே ஓட்டுவதற்கு வேன் கிடையாது. போகவேண்டிய டீச்சருக்குக் காய்ச்சல். "முருகேசன், நீங்க வாங்க. தாராவியில பாதிப்பேர் உங்க ஊர்ப்பக்கம்தான். உங்க பேச்சு அந்தப் பிள்ளைங்களுக்குப் புரியும்" என்றார் மேடம். நான் பத்தாவது வரை படித்தவன். கேள்வி கேட்கிற வேலை எனக்கா என்று திக்கென்றது. மூன்று நாள் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தார். அதில் முக்கியமானது ஒன்றுதான். பிள்ளை சரியாகச் சொன்னாலும் தப்பாகச் சொன்னாலும் முகத்தில் எதுவும் தெரியக்கூடாது. "உங்க முகம் லவுட்ஸ்பீக்கர் மாதிரி இருக்கு முருகேசன். அதைக் கொஞ்சம் ஆஃப் பண்ணுங்க."

கண்ணாடி முன்னால் நின்று பழகினேன். வீட்டுக்காரி பார்த்துவிட்டு, "வயிறு சரியில்லையா?" என்று கேட்டாள்.

மாட்டுங்காவில் தங்கினோம். முதல் நாள் காலையிலேயே முதல் அதிர்ச்சி. தெரு முழுக்கத் தமிழ். பூக்கட்டுகிறவர், தேங்காய் உரிக்கிறவர், கோயில் வாசலில் செருப்புப் பார்த்துக்கொள்கிறவர் எல்லாரும் தமிழ். ஆனால் இட்லிக்கு ஊற்றிய சாம்பாரில் வெல்லம்! நம் ஊரில் இப்படிச் சாம்பார் வைத்தால் கல்யாண வீட்டில் சண்டையே வரும். பக்கத்தில் உட்கார்ந்திருந்த வேட்டி கட்டிய பெரியவர் என் முகத்தைப் பார்த்துவிட்டார். "புதுசா வந்திருக்கேளா? நாலு நாள் சாப்பிடுங்கோ, அப்புறம் ஊர்ச் சாம்பார் உறைக்கும்" என்றார். நாலு நாளும் நான் சட்னியோடு நிறுத்திக்கொண்டேன்.

இரண்டாம் நாள் தாராவி. நம் ஊரில் ஒரு வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் நடுவில் ஒரு மாட்டு வண்டி போகும். இங்கே நான் பெட்டியோடு நேராக நடக்க முடியவில்லை, பக்கவாட்டில் திரும்பி நடந்தேன். அந்தக் குறுகிய சந்துக்கு அங்கே கல்லி என்று பெயர். தலைக்கு மேல் வயர், காலுக்குக் கீழே சாக்கடை மூடி, இரண்டு பக்கமும் கதவு திறந்த வீடுகள். ஒவ்வொரு கதவுக்குள்ளும் யாரோ ஏதோ வேலை செய்துகொண்டிருந்தார்கள். பெல்ட் ஒட்டுகிறார்கள், துணி மடிக்கிறார்கள், தலையில் குத்துகிற கிளிப்பை அட்டையில் பன்னிரண்டு பன்னிரண்டாகக் கோக்கிறார்கள்.

"அண்ணாச்சி எந்த ஊரு?" என்று கிளிப் கோத்துக்கொண்டிருந்த ஒரு அக்கா கேட்டார்.

"சுரண்டை."

"அடப் பக்கத்துலயா! எங்க மாமியா சேர்ந்தமரம். உள்ள வாங்க, சாய் குடிங்க. ஏ கூட்டம் போடாதிய, ஹட்டோ ஹட்டோ, அண்ணாச்சிக்கு வழி விடுங்க."

அவர் பெயர் எஸ்தர். பிறந்தது வளர்ந்தது எல்லாம் மும்பையில்தான். அவர் வீட்டு வாசலையே எங்களுக்குத் தந்துவிட்டார். அந்தக் கல்லிப் பிள்ளைகளை ஒவ்வொருவராகக் கூப்பிட்டேன். மேடம் இரண்டு கல்லி தள்ளி வேறு பிள்ளைகளிடம் இருந்தார்.

ஒவ்வொரு பிள்ளையையும் தனியாக வைத்துக் கேட்கவேண்டும் என்பது சட்டம். ஆனால் தாராவியில் 'தனியாக' என்ற இடம் எங்கே இருக்கிறது? அந்தோணி என்ற பையனிடம், நாற்பத்து மூன்றில் இருபத்தாறு போனால் எவ்வளவு என்று தாளைக் கொடுத்தேன். அவன் பென்சிலை எடுப்பதற்குள் எதிர்வீட்டு அக்கா, "டேய், கடன் வாங்குடா, கடன் வாங்கு!" என்று கத்தினார். மேல்மாடி ஏணியிலிருந்து ஒரு பெரியவர் "பதினெட்டு!" என்றார். அதுவும் தப்பு. முகத்தை ஆஃப் பண்ணி வைத்திருந்தது நல்லதாய்ப் போயிற்று.

வாசிப்புக்கு ஒரு கதை அட்டை. ஒரு நாய் ரவியின் செருப்பைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறது. அவன் நொண்டி நொண்டித் துரத்துகிறான். கடைசியில் நாய் அதைத் தன் குட்டிக்குத் தலையணையாக வைத்திருக்கிறது. அந்தோணி மளமளவென்று வாசித்தான். ரயில் மாதிரி, ஒரு இடத்திலும் நிற்கவில்லை. "நாய் ஏன் செருப்பை எடுத்தது?" என்று கேட்டேன். முழித்தான். "எந்த நாய்?" என்றான்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. இப்போதுதானே வாசித்தான்! அடுத்து இரண்டு பிள்ளைகள் வந்தார்கள். அவர்களும் கிட்டத்தட்ட அப்படித்தான்.

கடைசியாக வந்தவள் எஸ்தர் அக்காவின் மகள். அவள் உண்மைப் பெயரை நான் எழுதப்போவதில்லை. மலர் என்று வைத்துக்கொள்ளுங்கள். எஸ்தரும் நான் வைத்த பெயர்தான். நாலாம் வகுப்பு, கார்ப்பரேஷன் பள்ளியில் தமிழ் மீடியம். அவளை முதலிலேயே கூப்பிட்டேன். "மத்தவங்க முடிக்கட்டும் மாமா" என்று விட்டுக்கொடுத்தாள். நல்ல பிள்ளை என்று நினைத்தேன்.

எங்களிடம் இரண்டு கதை அட்டைகள் உண்டு. மலருக்கு இரண்டாவது அட்டையைக் கொடுத்தேன். அது கமலா அத்தை வீட்டுக் கிணற்றில் ஆமை விழுந்த கதை. அவள் அட்டையை மடியில் வைத்து, விரலை முதல் வரிக்குக் கீழே வைத்தாள். தெளிவான குரலில் ஆரம்பித்தாள்.

"ரவி காலையில் பள்ளிக்குக் கிளம்பினான். வாசலில் ஒரு செருப்பைக் காணவில்லை..."

பிள்ளைகளே, எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. அவள் விரல் கிணறும் ஆமையும் இருந்த வரிகளின் மேல் நகர்கிறது. வாயிலிருந்து நாயும் செருப்பும் வருகிறது. வரி முடிகிற இடத்தில் விரல் கீழே இறங்குகிறது. முற்றுப்புள்ளிக்கு மூச்சு விடுகிறாள். ஒரு சொல் விடவில்லை. கல்லியே கேட்டுக்கொண்டிருக்கிறது. எஸ்தர் அக்கா கிளிப்பைக் கையில் வைத்தபடி மகளையே பார்த்துக்கொண்டிருக்கிறார். கதை முடிந்ததும் எதிர்வீட்டு அக்கா கைதட்டினார்.

கேள்வி கேட்டேன். "நாய் ஏன் செருப்பை எடுத்தது?"

"குட்டி வெறுந்தரையில படுத்திருந்துச்சு மாமா. அதுக்குக் குளிரும்லா? ரவிக்கிட்ட இன்னொரு செருப்பு இருக்குன்னு நாய்க்குத் தெரியும்."

அந்தக் கதையை இத்தனை பேர் வாசித்ததில் அதைப் புரிந்துகொண்டவள் அவள் ஒருத்திதான். அவள் அதை வாசிக்கவே இல்லை.

எழுத்து அட்டையை மெதுவாக எடுத்து வைத்தேன். ஒற்றை எழுத்துகளில் பாதிதான் தெரிந்தது. கொம்பு, கால் வந்த எழுத்தெல்லாம் அவளுக்கு ஒரே மாதிரி. வாசல் பக்கம் முதுகைக் காட்டித் திரும்பி உட்கார்ந்துகொண்டு, என் காதில் மட்டும் விழும்படி, "மாமா, முன்னாடி குடுத்த அட்டையவே குடுங்களேன்" என்றாள். பிறகு, "அம்மாகிட்ட சொல்லாதீங்க."

இதே பிள்ளையிடம், பதினாலு அட்டையில் எத்தனை கிளிப் என்று சும்மா கேட்டேன். "நூத்தி அறுபத்தெட்டு" என்றாள், நான் மூச்சு விடுவதற்குள். மற்ற பிள்ளைகள் வாசிப்பதை ஒருதடவை கேட்டு, அப்படியே மனசில் ஏற்றி, கடைசியில் வந்து வாசித்துக் காட்டுகிற தலை அது. நாலு வருஷம் வகுப்பில் இப்படித்தான் ஓட்டியிருப்பாள்.

எழுந்தபோது எஸ்தர் அக்கா, "எப்படி அண்ணாச்சி என் புள்ள? ஏக்தம் டக்டக்குன்னு வாசிச்சாள்லா?" என்றார். எனக்குப் பழக்கிக்கொடுத்த பதிலைச் சொன்னேன். "எல்லாப் பிள்ளைகளும் நல்லா ஒத்துழைச்சாங்க." அந்தச் சொல் வாயில் மண் மாதிரி இருந்தது.

சாயங்காலம் மேடத்திடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் தாளில் பெயருக்குப் பதிலாக மலருக்குப் போட்டிருந்த எண்ணைப் பார்த்து, குறிப்பு எழுதினார்.

"சரி மேடம், அந்தப் பிள்ளைக்கு என்ன செய்யப் போறோம்?"

"எண்ணாப் பதிவாகும். பேர் வெளியே வராது."

"அது ஆராய்ச்சிக்கு. அவளுக்கு?"

மேடம் பேனாவை மூடி வைத்தார். "கல்லி நடுவுல நின்னு உங்க பொண்ணுக்கு வாசிக்க வராதுன்னு நாம சொல்லக்கூடாது முருகேசன். ஒரு பிள்ளையை அப்படி அம்பலப்படுத்த நமக்கு உரிமை கிடையாது. பெற்றவங்க அவங்களா கேட்டா, அவங்க பிள்ளையோடதைச் சொல்லலாம்."

"அந்த அக்கா எப்படி மேடம் கேட்பாங்க? மகள் நல்லா வாசிக்கிறான்னு சத்தியமா நம்புறாங்க!"

நான் குரலை உயர்த்திவிட்டேன். மேடம் கோபப்படவில்லை. நான் புது ஆள் என்பதால் நான் கேட்ட பிள்ளைகளில் சிலரை அவர் மறுபடி கேட்டுச் சரிபார்க்கவேண்டும். அந்தப் பட்டியலில் மலரை முதலில் எழுதினார்.

மூன்றாம் நாள் செம்பூரில் வேலை. குர்லாவில் மாறி ஹார்பர் லைன் ரயில் ஏறினோம். மேடம் பெண்கள் பெட்டியில், நான் ஆண்கள் பெட்டியில், தலைமேல் பெட்டி. செம்பூர் வந்தது. நான் வாசலுக்கு நகர்வதற்குள் எதிர்க்கூட்டம் உள்ளே வந்து என்னை மறுபடி நடுவில் கொண்டுபோய் நிறுத்தியது. ரயில் கிளம்பிவிட்டது!

"எங்கே இறங்கணும்?" என்று ஒருவர் இந்தியும் தமிழும் கலந்து கேட்டார். செம்பூர் என்றேன். பெட்டியே சிரித்தது. "அதைக் குர்லாவில் ஏறும்போதே யோசிக்கணும் தம்பி. இறங்குகிற பக்கமாக அப்போதே நிற்கணும்." இன்னொருவர் என் தலையைப் பார்த்து, "பெட்டியை இறக்கிவிடு, அதுவாவது செம்பூருக்குப் போகட்டும்" என்றார். இப்படிக் கிண்டல் செய்துகொண்டே ஒருவர் என் பெட்டியைத் தன் மடியில் வாங்கி வைத்துக்கொண்டார். கோவண்டி போயிற்று, மான்குர்டு போயிற்று. திடீரென்று இரண்டு பக்கமும் தண்ணீர். கடற்கழியின் மேல் பாலம். வாஷியில்தான் என்னைக் கீழே தள்ளினார்கள். பசியில் ஒரு வடாபாவ் வாங்கினேன். நம் ஊர் உருளைக்கிழங்கு போண்டாவைப் பன்னுக்குள் வைத்துக் கொடுக்கிறார்கள். பச்சைமிளகாய் தனி. அழுதுகொண்டே தின்றுவிட்டுத் திரும்பி வந்தேன்.

செம்பூரில் அடுக்குமாடி வீடு. அப்பா அம்மா இருவரும் ஆபீஸ். நாலு வயசுப் பையன். மேடம் அவன் முன்னால் ஏழு சட்டைப் பொத்தான்களை ஒரு வரிசையாக வைத்தார். கீழே இன்னொரு ஏழு. "எதுல ஜாஸ்தி?" "ரெண்டும் ஒண்ணு." சரி. பிறகு அவன் பார்க்கப் பார்க்கவே கீழ்வரிசையை அகலமாகப் பரப்பிவைத்தார். "இப்போ?" "இது ஜாஸ்தி!" என்று கீழ்வரிசையைக் காட்டினான். எண்ணச் சொன்னார். ஏழு, ஏழு என்று சரியாக எண்ணினான். எண்ணிவிட்டு மறுபடியும், "இதுதான் ஜாஸ்தி" என்றான்.

என் முகம் ஆஃப் ஆகவில்லை. வெளியே வந்ததும் மேடம், "அந்த வயசுல பெரும்பாலான பிள்ளைங்க அப்படித்தான் சொல்லும். நீங்களும் சொல்லியிருப்பீங்க" என்றார். நான் நம்பவில்லை. உடனே வீட்டுக்குப் போன் போட்டேன். எங்கள் கடைக்குட்டிக்கும் நாலு வயசு. வீட்டுக்காரி புளியங்கொட்டையை வைத்துக் கேட்டாள். போனிலேயே அவன் குரல் கேட்டது: "இந்த லைன்தான் நெறைய!"

"ஐயோ, என்னங்க இவன் இப்படிச் சொல்லுதான்? டாக்டர்கிட்டக் காட்டணுமா?" என்று அவள் பதறினாள். இதெல்லாம் தானாகவே வயசோடு வந்துவிடும் என்று மேடம் சொன்னதைச் சொல்லிச் சமாதானப்படுத்தினேன். வாசிப்பு அப்படியில்லை, அதை யாராவது உட்கார்ந்து சொல்லித்தரவேண்டும் என்றும் மேடம் சொன்னார். அதை நான் போனில் சொல்லவில்லை. மலர் ஞாபகமாகவே இருந்தது.

நாலாம் நாள் மறுபடி தாராவி. மேடம் மலரை வீட்டுக்குள் உட்காரவைத்துக் கேட்க ஆரம்பித்தார். நான் வாசலில் நின்று கூட்டத்தைத் தடுத்தேன். எஸ்தர் அக்கா கிளிப் கோத்துக்கொண்டே பேசினார்.

"இவ இல்லைன்னா எனக்குக் கை ஒடிஞ்ச மாதிரி அண்ணாச்சி. நான் படிச்சது இந்தி மீடியம், அஞ்சாப்பு. தமிழ் பேசுவேன், எழுத்துத் தெரியாது. சர்ச்சு நோட்டீசு, ஸ்கூல் டைரி எல்லாம் இவதான் வாசிச்சுச் சொல்லுவா. டீச்சர் இவளப் பத்தி எவ்வளவு எழுதிருக்காங்கன்னு பாருங்க."

ஆணியில் தொங்கிய பையிலிருந்து டைரியை எடுத்து என் கையில் கொடுத்தார். "மலர் அருமையாப் பாடுதா, எல்லாருக்கும் உதவி செய்தான்னு எழுதிருக்காம். இவ வெக்கப்பட்டுப் பாதிதான் சொல்லுவா. நீங்க முழுசா வாசிங்க."

திறந்தேன். சிவப்பு மையில் டீச்சரின் அழகான கையெழுத்து. ஒவ்வொரு குறிப்புக்கும் கீழே இந்தி எழுத்தில் எஸ்தர் அக்காவின் கையெழுத்து. மனசுக்குள் வாசித்தேன்.

உள்ளே இருந்து மலர் என்னைப் பார்த்தாள். அவள் கையில் ஆமை அட்டை இருந்தது, கண் என்மேல் இருந்தது. 'அருமையாகப் பாடுகிறாள்' என்று நானும் ஒன்றைச் சொல்லிவிட்டு நடந்திருக்கலாம். நாளைக்கு ஊருக்குப் போகிறவன் நான். எண் வெளியே போகாது, பெயர் வெளியே போகாது, யாருக்கும் எதுவும் தெரியாது. ஆனால் இது எங்கள் ஆராய்ச்சித் தாள் இல்லை. ஒரு டீச்சர் ஒரு தாய்க்கு எழுதியது. அந்தத் தாய் வாசிக்கச் சொல்லிக் கேட்கிறார்.

எதிர்வீட்டு அக்காவை ஒரு சொம்பு தண்ணீர் கேட்டு உள்ளே அனுப்பினேன். பிறகு குரலைத் தாழ்த்தி, இருக்கிறதை இருக்கிறபடி வாசித்தேன்.

"மலர் வாசிப்பில் மிகவும் பின்தங்கியிருக்கிறாள். பெற்றோர் வந்து என்னைப் பார்க்கவும்." கீழே, எஸ்தர்.

"இரண்டாம் முறை எழுதுகிறேன். பள்ளி முடிந்தபின் அரைமணி நேரம் தனியாகச் சொல்லித்தர நான் தயார். சம்மதம் என்றால் எழுதி அனுப்பவும்." கீழே, எஸ்தர்.

"கையெழுத்து மட்டும் வருகிறது, பதில் வரவில்லை. வீட்டில் அக்கறை இல்லை என்று எடுத்துக்கொள்கிறேன்." அதற்கும் கீழே, எஸ்தர்.

அக்கா முதலில் சிரித்தார். "வேற புள்ள டைரியா இருக்கும், முன்பக்கம் பாருங்க." பேரைக் காட்டினேன். டைரியை வாங்கி, தெரியாத எழுத்துகளை விட்டுவிட்டு, தெரிந்த தன் கையெழுத்தை மட்டும் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார்.

"இது... என்னோடதுதான்."

மலர் வாசலுக்கு வந்துவிட்டாள். மேடம் அவளுக்குப் பின்னால் வந்து நின்றார். அக்கா அடிக்கப் போகிறார் என்று நினைத்து நான் ஒரு எட்டு முன்னால் வைத்தேன். அவர் அடிக்கவில்லை.

"ஏட்டி, இதுல என்ன எழுதிருக்குன்னு உனக்குத் தெரியுமா?"

மலர் இல்லை என்று தலையாட்டினாள். அவளுக்கே தெரியாது! தன் வாசிப்பைப் பற்றித்தான் எழுதியிருக்கிறது என்று தெரியாமலே அவள் அம்மாவுக்குப் பாட்டையும் உதவியையும் வாசித்துக் காட்டியிருக்கிறாள். டீச்சரோ அம்மாவின் கையெழுத்தைப் பார்த்து, அவருக்கு எல்லாம் தெரியும், அக்கறைதான் இல்லை என்று நினைத்திருக்கிறார். அம்மாவோ, டீச்சர் மெச்சுகிறார் என்று நினைத்துக் கையெழுத்துப் போட்டிருக்கிறார். ஒரே டைரியை மூன்று பேரும் தினம் கையில் வைத்திருந்தார்கள்.

"அக்கறை இல்லைன்னு எழுதிருக்காங்க" என்றார் எஸ்தர் அக்கா. என்னிடம் சொல்கிறாரா தனக்கே சொல்லிக்கொள்கிறாரா தெரியவில்லை. "நான் அதுக்குக் கீழ கையெழுத்துப் போட்டுக் குடுத்திருக்கேன்."

பிறகு மேடத்தைப் பார்த்து, "நீங்க இப்ப என் புள்ளையப் பரீட்சை வச்சிங்கள்லா, அதுல என்ன வந்துச்சுன்னு எனக்குச் சொல்லுங்க" என்றார்.

மேடம் வாசல்படியில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, மெதுவாக எல்லாம் சொன்னார். எந்த எழுத்து தெரிகிறது, எது தெரியவில்லை, கேட்டுப் புரிந்துகொள்வதில் எவ்வளவு கெட்டிக்காரி, வாய்க்கணக்கில் எவ்வளவு வேகம். முடிந்ததும் அக்கா டைரியை மடியில் வைத்து, மேடத்தின் பேனாவை வாங்கி, தன் கடைசிக் கையெழுத்துக்குக் கீழே இந்தியில் எழுத ஆரம்பித்தார். நிறுத்தி நிறுத்தி, நாலு வரி எழுதினார்.

மலர் எட்டிப் பார்த்தாள். "டீச்சருக்கு என்னம்மா எழுதுத?"

"நீயே வாசி."

மலர் டைரியை வாங்கினாள். வாய் திறந்தது. ஏதோ ஒரு கதை நாக்கு நுனிவரை வந்துவிட்டது என்று எனக்குத் தோன்றியது. எதிர்வீட்டு அக்கா தண்ணீர்ச் சொம்போடு வாசலில் வந்து நின்றார். ஏணியில் பெரியவர் உட்கார்ந்திருந்தார். மலர் எல்லாரையும் ஒருதடவை பார்த்தாள்.

"எனக்கு வாசிக்கத் தெரியாதும்மா" என்றாள், கல்லி முழுக்கக் கேட்கும்படி.

"என்னப் பத்தி நானும் அதத்தான் எழுதிருக்கேன்" என்றார் எஸ்தர் அக்கா.